ஒன்பது நாள் தங்கியவரின் வீடு

சென்னை மெரினா சாலையில் உருண்டை முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லத்தைப் புனிதமான இடம் என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. அந்தப் புனிதம் எங்கிருந்து வந்தது? சுவரிலிருந்து வந்திருக்க முடியாது. 1842-ல் அது எழும்பியது பனிக்கட்டிக் கிடங்காக. அமெரிக்காவில் நியூ இங்கிலாந்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டியை பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். வழியில் உருகியது போக மிஞ்சியது இங்கே விற்பனைக்கு வந்தது. உள்ளூரிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கினார். காற்று நுழையாத கிடங்குக்கு ஜன்னலும் தாழ்வாரமும் வைத்து, கெர்னன் என்ற நீதிபதியின் பெயரால் ‘கேசில் கெர்னன்’ ஆக்கிக்கொண்டார். நீதிபதிக்கு வக்கீல் எழுப்பிய கோயில் என்றுகூடச் சொல்லலாம்.

1897 பிப்ரவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே தங்கியது ஒன்பது நாள். அவர் அனுப்பிவைத்த துறவி இராமகிருஷ்ணானந்தர் அதே ஆண்டு வந்து இங்கே இராமகிருஷ்ண மடத்தை நடத்தினார். ஐயங்கார் மறைந்து வீடு ஏலம் போன பிறகு, 1907-ல் மடம் மயிலாப்பூருக்கு மாறியது. 1910-களில் சகோதரி சுப்புலட்சுமியின் விதவையர் இல்லம் இங்கே இயங்கியது. சிறு வயதிலேயே தாலியறுத்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் இங்கே தங்கிப் படித்தார்கள். சுப்புலட்சுமியும் பால்ய விதவைதான். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை. பின்னர் அந்தக் கட்டிடம் ஆசிரியப் பயிற்சி பெறும் பெண்களின் விடுதியானது. விவேகானந்தரின் நூற்றாண்டான 1963-ல்தான் இன்றைய பெயர் வந்தது. 1997-ல் இராமகிருஷ்ண மடத்திடம் குத்தகைக்குப் போயிற்று.

ஒன்பது நாள், ஆண்டுக்கணக்கான வாழ்வை விழுங்கிவிட்டதே என்று கேட்டால், சைவ மரபு சட்டென்று மறுக்கும். தேவாரம் பாடிய சம்பந்தர் ஓர் ஊரில் எத்தனை நாள் தங்கினார் என்று யார் கணக்கு வைத்தார்கள்? ஒரு பதிகம் போதும், அது பாடல் பெற்ற தலம். வலுவான மறுப்புதான், நாட்கணக்கால் புனிதத்தை அளக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாடிய நாவுக்கு எவ்வளவு மரியாதையோ, அவ்வளவு மரியாதை பாட்டின் பொருளுக்கும் உண்டு. விவேகானந்தர் சொன்ன பொருள் என்ன? ஏழையும் துயருற்றவரும்தான் நாராயணன், அவருக்குச் செய்யும் தொண்டே பூசை என்பது. அந்த அளவுகோலை அவர் தங்கிய வீட்டுக்கே வைத்துப் பார்த்தால், பூசை நெடுநாள் நடந்தது விதவைப் பெண்கள் அரிச்சுவடி படித்த அறைகளில்தான். அவர் பெயரைச் சூட்டிவிட்டு அவர்களை மறப்பது அவருக்கே செய்யும் குறை.

அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும்தானே, சாதிக்குள் அடங்கிய கருணையை எப்படிப் புனிதம் என்பது என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அந்த வேலி உண்மை. அதை மெழுகி மறைக்கக் கூடாது. ஆனால் வேலிக்கு உள்ளே இருந்த துயரமும் உண்மை. குறையே இல்லாத தொண்டுதான் புனிதம் என்றால், இந்த நாட்டில் எந்த மடமும் எந்தக் கோயிலும் தேறாது. ஐஸ் வியாபாரியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. காசுள்ளவர் கோப்பையைக் குளிர்வித்ததற்குக் காசு வாங்கிக்கொண்டார், அவர் கணக்கு அன்றே தீர்ந்தது.

ஆனால் ஊர் வாய் வேறு முடிவு செய்திருக்கிறது. பெயர் மாறி அறுபது ஆண்டு கடந்தும் அந்த வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். அங்குள்ள காவல் நிலையத்துக்கும் அதே பெயர்தான்.