முதல் கிட்டாரும் மூன்று அளவைகளும்

கிட்டாரைப் பற்றி ஒன்றும் அறியாதவர் நல்ல கிட்டாரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நல்லதையும் மட்டமானதையும் பிரித்தறியும் காதும் விரலும் வாசித்து வாசித்துத்தான் வரும். வாசிப்பதற்கோ முதலில் ஒரு கிட்டார் வேண்டும். கும்பகோணத்தில் பல வருடங்களாக கிட்டார் வகுப்பு எடுத்துவருகிறேன். "சார், பையனுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப்போறோம், எதை வாங்கலாம்?" என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம் அதற்குள் பழைய தத்துவக் கேள்வி ஒன்று எனக்குக் கேட்கும். அறியாத உயிர் அறிவை நோக்கி முதல் அடியை எதை நம்பி எடுத்துவைக்கிறது?

எனக்கு இதில் வழிகாட்டியது சைவ சித்தாந்தம். ஒன்றை அறியும் வழியை அது அளவை என்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் பத்து வரை விரித்துச் சொல்லும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. நேரே புலப்படுவது காண்டல். புலப்பட்டதைக் கொண்டு புலப்படாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை.

கடையில் நிற்கும் புதியவரிடம் இவற்றில் எது இருக்கிறது? தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப்பில் சிங்கிள் காயில் வகை வைத்த கிட்டார் ஒன்றையும் ஹம்பக்கர் வகை வைத்த கிட்டார் ஒன்றையும் அடுத்தடுத்து ஆம்ப்பில் மாட்டி வாசித்தால், முன்னதன் கூர்மையும் பின்னதன் கனமும் எனக்கு உடனே பிரிந்து கேட்கும். முன்னதில் வரும் மின் இரைச்சலைப் பின்னதன் இரட்டைச் சுருள்கள் தமக்குள் அடித்துக்கொண்டு அடக்கிவிடுவதும் தெரியும். புதியவருக்கு இரண்டும் கிட்டார்ச் சத்தம்தான். பெயரும் வகையும் குணமும் பிரியாமல் ஏதோ ஒன்று என்ற அளவில் நிற்கும் இந்த அறிவைச் சித்தாந்தம் நிருவிகற்பக் காட்சி என்கிறது. காண்டலே தெளியாதபோது கருதலுக்குப் பிடிமானம் ஏது? விலை கூடினால் தரமும் கூடும் என்ற ஊகம்தான் கையில் இருக்கும். அது பலமுறை பொய்த்துவிடும். மிஞ்சுவது உரை.

அடுத்தவர் பேச்சை நம்பி வாங்குவதா என்று தயங்குகிறவர்களிடம் லியோ ஃபெண்டரைப் பற்றிச் சொல்வேன். கலிபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. தான் செய்த மாதிரிகளை வாசிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார். அவர் முன்பு செய்த டெலிகாஸ்டர் கிட்டாரின் விளிம்பு உடம்பில் குத்துகிறது என்று பில் கார்சன் போன்ற கலைஞர்கள் குறைப்பட்டார்கள். 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல், வாசிப்பவரின் மேனியோடு பொருந்தும்படி வளைத்துச் செதுக்கப்பட்டிருந்தது. தன் விரல் அறியாததை அவர் உரையால் அறிந்தார். உலகமே இன்று அந்த வடிவத்தைக் கையில் ஏந்துகிறது.

ஆனால் யாருடைய உரை? பொருளை உள்ளபடி அறிந்தவராகவும், அறிந்ததை ஒளிக்காமல் சொல்பவராகவும் இருப்பவருடைய உரை. அதனால்தான் வாசிக்கத் தெரிந்த, விற்பனையில் லாபமில்லாத ஒருவரைக் கடைக்கு அழைத்துப்போகச் சொல்கிறேன். தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று அவர் சொல்லட்டும். ஒவ்வொரு தந்தியையும் நெக்கின் குறுக்கே பதித்த ஒவ்வொரு பிரெட்டிலும் அழுத்தி, நாதம் எங்காவது அடைபடுகிறதா என்று கேட்கட்டும். 12ஆம் பிரெட்டின் மேல் தந்தி சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் பிஞ்சு விரலுக்கு நல்லது. தந்திகளை இழுத்து வளைத்து வாசித்த பிறகும் சுருதி நிற்க வேண்டும். இவை சரியாக இருந்தால் ஃபெண்டரின் ஸ்கொயர், கிப்சனின் எபிஃபோன், யமஹாவின் பசிஃபிகா என்று எந்த வரிசையில் வாங்கினாலும் எனக்குச் சம்மதம். ஒரு சின்ன ஆம்ப்புக்கும் பணம் ஒதுக்கிவையுங்கள்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படைகளில் ஒன்று. அதை நான் மாணவர்களின் விரல்களில் பார்க்கிறேன். தந்தி உயர்ந்து நிற்கும் கிட்டாரில் பழகிய கை, வலிந்து அழுத்துவதையே இயல்பாக்கிக்கொள்கிறது. நல்ல கருவி கிடைத்த பின்னும் அந்தப் பிடி தளர மாதக்கணக்கில் ஆகிறது. சுருதி நிற்காத கிட்டாரில் பழகிய காது பிசகிய சுரத்தோடு சமாதானம் ஆகிவிடுகிறது. குறை கருவியில் இருக்க, தனக்கு இசையே வராது என்று பிள்ளை முடிவுகட்டிக்கொள்வது இவற்றையெல்லாம்விடக் கொடியது.

இத்தனை சொன்னாலும் ஓர் இடத்தில் உரை விலகிநிற்க வேண்டும். இன்பமும் துன்பமும் உயிருக்கு நேரே புலப்படுவதைத் தன்வேதனைக் காட்சி என்பார்கள். சிவப்புக் கிட்டாரைக் கண்டதும் பிள்ளையின் முகம் மலர்ந்தால், அது அவளே கண்ட காட்சி. 'கறுப்பே போதும், அழுக்கு தெரியாது' என்று அதை அடக்காதீர்கள். விரல் நுனி காந்தும் முதல் வாரங்களில் அவளை மறுபடி மறுபடி அந்தக் கருவியிடம் கூட்டிவருவது அந்த விருப்பம்தான். நெக்கைப் பெரியவர் பார்க்கட்டும், நிறத்தைப் பிள்ளை பார்க்கட்டும்.

நம்பித் தொடங்குவதில் எந்தத் தாழ்வும் இல்லை. ஆனால் நம்பியவர் நம்பிக்கையிலேயே தங்கிவிட்டால் சொன்னவர் தன் கடமையை முடிக்கவில்லை என்று பொருள். "சார், நீங்க சொன்ன ஹம்பக்கர் எனக்கு மந்தமா கேக்குது, சிங்கிள் காயில்தான் பிடிச்சிருக்கு" என்று என்னை மறுக்கும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்குச் சத்தம் பெயரோடும் குணத்தோடும் பிரிந்து கேட்கத் தொடங்கிவிட்டது. என் உரை அவர்களுடைய காண்டலாகிவிட்டது. அடுத்த கிட்டாரை என்னைக் கேட்காமலே அவர்கள் வாங்கலாம்.