தக்கோலத்தில் மாளாதவர்

போரில் மாண்ட வீரனைத் தெய்வமாக வணங்கும் மரபில், பிழைத்தவனுக்கு என்ன இடம் என்னும் வினா, சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் பழைய கற்களைக் காண்போர்க்கு எழவே செய்யும். புங்கனூர்ப் பகுதியில் பாண அரசர் காலப் போர்களில் வீழ்ந்தோர்க்கு நடுகற்கள் உண்டு. நடுகல் என்பது வீழ்ந்தவனின் நினைவைப் பொறித்து, அவனுக்குப் படையலிட நாட்டப்படும் கல்லாகும். காளத்திக்கு அருகே தொண்டைமானாட்டில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் தன் தந்தை ஆதித்தனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்த அரசனின் நினைவாக எழுப்பிய சிவன்கோயில், உள்ளது.

இவையெல்லாம் இறந்தோர்க்கு உரியவை. ஆனால் பராந்தகனின் மகன் இராஜாதித்தன் 949இல் தக்கோலப் போரில் யானைமேலிருந்தே மாண்டபோது, அவனுடன் சாக வாய்க்காத கேரளத்து வல்லபர், அந்தக் குறை நெஞ்சை அறுக்க, கங்கையில் நீராடித் துறவு பூண்டு, திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் தீக்கை பெற்றுச் சதுரானன பண்டிதர் ஆனார் என்று அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. தலைவனோடு மடிவதே அறம் என்ற வீரநெறி அவருக்கு வாழ வழி காட்டவில்லை. சைவத் துறவோ, பிழைத்த உயிரைக் குற்றமாகக் கருதாமல் இறைபணிக்கு உரியதாக ஏற்றுக்கொண்டது. நடுகல்லின் பெருமையைவிட இந்த ஏற்பே மானுட ஆழம் மிக்கது. அவருக்குப் பின் திருவொற்றியூர் மடத்தின் தலைவர்களும் சதுரானன பண்டிதர் என்னும் பெயரையே தாங்கினர்.