மார்கழியில் மழை வேண்டுவானேன்?

மார்கழி நான்காம் நாள் விடியற்காலையில், தர்மபுரிக் கோட்டையில் எழுந்தருளியிருக்கும் பரவாசுதேவப் பெருமாள் ஸந்நிதி முதலாக ஊர்தோறும் உள்ள பெருமாள் கோயில்களில் திருப்பாவையின் நான்காம் பாசுரம் சேவிக்கப்படுகிறது. மழையை நோக்கிக் கூறும் பாசுரம் அது. செவிசாய்த்து நிற்கும் குடியானவர் மனத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. ஐப்பசியும் கார்த்திகையும் கழிந்துவிட்டன. ஏரிக்கு வந்த நீர் வந்ததுதான், வராதது வராததுதான். மழை ஓயும் மாதத்தில் மழையை வேண்டுவானேன்? ஆய்ப்பாடியை எண்ணினால் இவ்வையம் இன்னும் வலுக்கும். யமுனைக் கரையில் மழைக்காலம் புரட்டாசி முடிவதற்குள் ஓய்ந்துவிடும். மார்கழியிலிருந்து அடுத்த மழைக்கு அங்கே ஆறு திங்கள் காத்திருக்க வேண்டும்.

முதலில் பாசுரத்தின் பொருளைக் காண்போம். மழைத் தெய்வமான பர்ஜந்யனுக்கு ஆண்டாள் இடும் கட்டளை அது. எதையும் ஒளித்து வைத்துக்கொள்ளாதே என்று தொடங்கி, கடலின் உள்ளே புகுந்து நீரை முகந்து வா என்கிறாள். எம்பெருமானின் திருமேனி போல் கறுக்க வேண்டுமாம்; அவன் கைத் திருவாழி போல் மின்ன வேண்டுமாம்; சங்கம் போல் முழங்க வேண்டுமாம்; சார்ங்க வில்லினின்று புறப்படும் அம்புகள் போல் பொழிய வேண்டுமாம். அம்பு அழிக்கும் பொருளாயிற்றே என்று அஞ்ச வேண்டாம். உலகம் வாழவே இம்மழை என்பதையும் அவளே கூறிவிடுகிறாள். மேகத்தை ஆசாரியனாகக் காண்பது நம் ஸம்ப்ரதாயம். கடல் நீர் உப்பு. மேகம் உப்பைக் கடலிலேயே விட்டு நன்னீரை மட்டும் ஏந்தி வருகிறது. சாஸ்திரக் கடலினின்று ஸாரத்தை மட்டும் எடுத்து, பாத்திரம் பாராமல் வழங்குபவன் அன்றோ ஆசாரியன்!

மேகம் கடலில் முகந்து வருவதை இக்கால வானிலை நூலோரும் தம் மொழியில் கூறுவர். கோடையில் நிலம் கடலைக் காட்டிலும் விரைந்து சூடேறுகிறது. சூடேறிய காற்று மேலெழ, நிலத்தின்மேல் அழுத்தம் குறைகிறது. தெற்கே மஸ்கரீன் தீவுகளை ஒட்டிய கடற்பரப்பிலோ அப்பொழுது அழுத்தம் மிகுதி. அங்கிருந்து புறப்படும் காற்று பூமத்திய ரேகையைக் கடந்ததும், பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பி, தென்மேற்குக் காற்றாக அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. வெப்பத்தின் காரணத்தை 1686-இல் ஹாலி என்பவரும், சுழற்சியின் பங்கை 1735-இல் ஹாட்லி என்பவரும் எடுத்துரைத்தனர். ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளக் கரையில் இறங்கும் மழை, ஏறத்தாழ ஐந்து வாரங்களில் பாரதம் முழுவதும் பரவிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் இவ்வாறே பருவமழைகள் உண்டு.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. மார்கழியில் அம்மழை மறைந்து போவதில்லை. சூரியனைத் தொடர்ந்து தெற்கே சென்றிருக்கிறது. ஜாவாவிலும் ஆஸ்திரேலியாவின் வடகரையிலும் அப்பொழுதுதான் மழைக்காலம். பஞ்சாங்கப்படி உத்தராயணம் தை முதல் நாளே ஆயினும், இக்காலத்தில் வானில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21, 22-ஆம் நாட்களை ஒட்டியே. நான்காம் பாசுரம் சேவிக்கப்படுவது டிசம்பர் 19-ஐ ஒட்டி. மழை நம்மை விட்டு நெடுந்தொலைவு சென்று, இனித் திரும்பத் தொடங்கும் தறுவாயில் அதனை அழைக்கிறாள் நாச்சியார்.

அழைப்பதும் தன் ஊருக்கு மட்டுமன்று. தர்மபுரி மாவட்டத்தார் இதனைப் பிறரினும் நன்கு உணர்வர். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குக் காற்றின் ஈரத்தைப் பெரும்பாலும் தன் மேலைச் சரிவிலேயே வாங்கிக்கொள்கிறது. ஆகும்பேயில் ஆண்டுக்கு 7000 மில்லிமீட்டருக்கு மேல் பொழிய, தர்மபுரிக்குக் கிட்டுவது இரு பருவமும் சேர்ந்து ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதுவும் ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியோடு வருவதும், வங்கக் கடலினின்று வடகிழக்குக் காற்று கொணர்வதுமாம். ஆடிப் பெருக்கன்று ஒகேனக்கல்லில் காவிரி நுரைத்துப் பாய, பென்னாகரத்து மானாவாரி நிலங்கள் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் ஆண்டுகள் உண்டு. அருவியில் விழுவது குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. கிணறுகள் வற்ற, மக்கள் ஆழ்துளை இட்டனர். பாறை நீரில் மிகுந்த புளோரைடு குழந்தைகளின் பற்களில் கறையாகவும், முதியோர் எலும்புகளில் நோயாகவும் வெளிப்பட்டது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பின், குடகின் மழையே இவர்கள் குடத்துக்கு வந்தது. அயலார் ஊரில் பெய்த மழை தம் தாகம் தீர்ப்பதைக் கண்டவர்களுக்கு, உலகெல்லாம் வாழ வேண்டும் என்ற பிரார்த்தனை வெறும் உபசாரமாகத் தோன்றாது.

மழை பொய்த்ததையும் இம்மண் அறியும். தர்மபுரி சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்த நாளில், தாது வருஷப் பஞ்சம் (1876-78) அம்மாவட்டத்தைக் கடுமையாக வாட்டியது. அப்பஞ்சத்தின் நடுவே, 1877-இல், பசிபிக் கடலின் கீழ்ப்பகுதி வழக்கத்துக்கு மேல் வெப்பமுற்றிருந்தது. இதனை இன்று எல் நினோ என்பர். 1904 முதல் இந்திய வானிலைத் துறையை நடத்திய கில்பர்ட் வாக்கர், நெடுந்தொலைவிலுள்ள கடல்களின் அழுத்தம் தராசுத் தட்டுகள்போல் ஏறி இறங்குவதைக் கண்டு சொன்னார். எனினும் கணக்கு முற்றும் பிடிபடவில்லை. எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவம் குன்றுதல் பெரும்பான்மை. வடகிழக்குப் பருவமோ 2015-இல் போலப் பெருகவும் கூடும்.

அடுத்த ஆண்டிலேயே அப்பருவம் தமிழகத்தில் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. 2016 மார்கழி நான்காம் நாள் பாசுரம் சேவித்தவர்கள் வறண்ட ஏரிக்கரை வழியே இல்லம் திரும்பினர். 2024-இல் ஃபெங்கல் புயலின் எச்சம் உள்நாடு புகுந்து, டிசம்பர் தொடக்கத்தில் அரூரில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேலும், அண்டை மாவட்டத்து ஊத்தங்கரையில் 500 மில்லிமீட்டருக்கு மேலும் கொட்டியது. நிலமும் வீடும் நீரில் மூழ்கின. அவ்வாண்டு நான்காம் பாசுரத்துக்கு முந்தைய நாள், தீங்கில்லாத மழை வேண்டும் மூன்றாம் பாசுரம் முறைப்படி சேவிக்கப்பட்டது. ஒளிக்காமல் வா என்ற வேண்டுகோள் மறுநாள் தொடர்ந்தது.