டிரைவரின் தூக்கம் யார் கணக்கில்?

2024 அக்டோபர் 7. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நான்கு வாரத்தைத் தொட்டிருந்தது. அன்று நிர்வாகம் தொழிலாளர்களில் ஒரு பிரிவினரோடு மட்டும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. மாதம் 5,000 ரூபாய் இடைக்கால ஊக்கத்தொகை அதில் முதலில் பேசப்பட்டது. கூடவே, ஐந்து வழித்தடங்களில் மட்டும் ஓடிய ஏசி பஸ் அடுத்த ஆண்டு 108 வழித்தடங்களுக்கும் விரிவுபடுத்தப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. வேலைநிறுத்தத்தை நடத்திய சிஐடியு சார்புச் சங்கம் இதை ஏற்கவில்லை. தொகை போதுமா என்பதைவிடப் பெரிய கேள்வி அவர்களுக்கு இருந்தது. எங்களைக் கேட்காமல் எங்களுக்காகக் கையெழுத்துப் போட இவர்கள் யார்? செப்டம்பர் 9 அன்று தொடங்கிய போராட்டம் அக்டோபர் 15 அன்றுதான் முடிந்தது. 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவானது. மே மாதம் ஊதிய ஒப்பந்தமும் கையெழுத்தானது.

அந்த 108 வழித்தடங்களுக்கும் டிரைவர்கள் வேண்டும். செய்திகளில் வந்த உடன்பாட்டு அம்சங்களில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதற்காக ஒரு கம்பெனியையோ ஒரு சங்கத்தையோ தனியாகப் பிடித்து நிறுத்துவது நியாயமல்ல. இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வல்லம் வடகால், ஒரகடம் வரை இந்தத் தொழிற்பட்டை முழுக்க பஸ் என்பது தொழிலாளிக்குக் கிடைக்கும் வசதியாகத்தான் பேசப்படுகிறது. அதற்குள் ஒருவர் வேலை பார்க்கிறார் என்பது பேச்சில் வருவதில்லை. ஷிப்ட் நேரத்தையும் பஸ் நேரத்தையும் பேசி முடிக்கும் சங்கப் பிரதிநிதி, அந்த பஸ்ஸை ஓட்டுபவருக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி.

கேள்வியின் கனம் தெரிய, ஒரு பஸ்ஸின் நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆளேற்றி, வாலாஜாபாத் வழியாக ஒரகடம் வரும் பஸ் என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணி ஷிப்டுக்கு 4.15க்கு எடுத்தால்தான் 5.45க்குக் கேட்டில் நிற்கலாம். இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பி, கடைசி ஆளை இறக்கும்போது 7.45. மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு மறுபடி 12.15க்குக் கிளம்பவேண்டும், ஊர் திரும்ப 3.45 ஆகும். இரவு பத்து மணி ஷிப்டுக்கு 8.15க்கு எடுத்தால், வண்டியை நிறுத்தும்போது மணி 11.45. மறுநாள் விடியலில் மீண்டும் 4.15.

மூன்று ஷிப்டையும் ஒரே டிரைவர் ஓட்டினால் ஸ்டியரிங் பிடித்த நேரம் ஒன்பது மணி நேரம்தான். காகிதத்தில் அது பெரிய தவறாகத் தெரியாது. ஆனால் அவர் நாள் பத்தொன்பதரை மணி நேரம் நீள்கிறது. இடையில் கிடைக்கும் மூன்று இடைவெளியும் தலா நாலரை மணி நேரம்தான், இரவும் அதில் ஒன்று. குளியல், சாப்பாடு, வண்டி கழுவல், டீசல் எல்லாம் அதற்குள்ளேயே. எல்லா பஸ்ஸும் இப்படித்தான் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர் போடும் கான்ட்ராக்டர்கள் உண்டு. ஆக்டிங் டிரைவரை வைத்து ஒரு ட்ரிப்பைக் கழித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் இரண்டாவது டிரைவர் வருவாரா என்பதை கான்ட்ராக்டரின் மனசுக்கே விட்டிருக்கிறோம்.

ஊர் தூரமாக இருந்தால் டிரைவர் இடைவெளியில் வீட்டுக்கும் போவதில்லை. சாலையோரம் வண்டியை ஒதுக்கி, கடைசி நீள சீட்டில் படுத்துக்கொள்கிறார். பழைய பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைத்தால் கொஞ்சம் காற்றாவது வரும். ஏசி பஸ்ஸின் கண்ணாடிகள் மூடியே இருப்பவை. ஏசி வேண்டுமென்றால் இன்ஜின் ஓடவேண்டும், டீசல் கணக்கோ கான்ட்ராக்டருடையது. சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த ஏசி பஸ்ஸுக்குள் யாரும் தூங்க முடியாது. தொழிலாளி போராடிப் பெறும் ஒரு நியாயமான வசதி, அதே வண்டியில் இன்னொரு தொழிலாளியின் படுக்கையைப் பறித்துவிடலாம். ஏசி கேட்டது தவறல்ல. கேட்ட மேசையில் டிரைவர் இருந்திருந்தால் கூடவே ஓர் ஓய்வறையும் கேட்டிருப்பார்.

இந்தச் சிக்கல் சட்டத்துக்குத் தெரியாததல்ல. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இதை நன்றாகவே அறிந்திருந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதோடு அது நிற்கவில்லை. இடைவேளையெல்லாம் சேர்த்து வேலைநாள் 12 மணி நேரத்துக்குள் அடங்கவேண்டும், ஒரு நாளின் வேலையை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது, இரண்டு நாள் வேலைக்கு நடுவே தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்றெல்லாம் வரையறுத்தது. மேலே போட்ட கணக்கு இந்த மூன்றையும் மீறுகிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருப்பவருக்குச் சட்டம் பொருந்தியது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, பணிப்பாதுகாப்புத் தொகுப்பின் வரையறையில் அந்த எண் பத்தாகிவிட்டது. ஏழெட்டு டிரைவர் வைத்து வண்டி ஓட்டும் சிறு கான்ட்ராக்டர் நேற்றுவரை வேலிக்குள் இருந்தார், இன்று வெளியே. தொழிலுறவுத் தொகுப்போ, நிறுவனத்தின் முஸ்டர் ரோலில், அதாவது பணியாளர் பதிவேட்டில், உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கமே தனித்துப் பேச்சுவார்த்தை நடத்தலாம் என்கிறது. டிரைவரின் பெயர் அந்த முஸ்டர் ரோலில் எந்தக் காலத்திலும் ஏறப்போவதில்லை. சட்டத்தின் கை எட்டாத இடத்தில்தான் பிரதிநிதியின் மனச்சாட்சிக்கு வேலை வருகிறது.

பிரதிநிதியின் பக்கத்து நியாயம் லேசானதல்ல. அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் சந்தா கட்டிய உறுப்பினர்கள். இடைநீக்கம், சம்பளப் பிடித்தம், வீட்டுக்கு வரும் போலீஸ் என எல்லாவற்றையும் தாங்கி அவர்கள் சேர்த்துக் கொடுத்த பலத்தோடுதான் அவர் மேசைக்குப் போகிறார். அந்தப் பலத்தை உறுப்பினரல்லாத ஒருவருக்காகச் செலவழிக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? எதிரில் இருக்கும் மனிதவள அதிகாரி லேசுப்பட்டவரும் அல்ல. "டிரைவருக்கு வேண்டுமானால் தருகிறோம், உங்கள் இன்கிரிமென்டில் கழித்துக்கொள்ளலாமா" என்று ஒரே கேள்வியில் இரண்டு தொழிலாளர்களையும் மோதவிட முடியும். இந்தக் கவலையைத் தன்னலம் என்று தள்ளிவிடுவது, மேசைக்கு வெளியே இருப்பவர்களுக்கு எளிது.

டிரைவர் உங்களைக் கேட்டாரா என்பது அடுத்த தடை. அடுத்தவருக்காகப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2024 ஜனவரித் தொடக்கத்தில் பல மாநிலங்களில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். கவனமின்றி ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பிப் போனால் பத்தாண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவுதான் காரணம். ஜனவரி 2 அன்று உள்துறைச் செயலாளரோடு பேசி முடித்தது அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸ். அது வண்டி உரிமையாளர்களின் அமைப்பு. அந்த ஒரு பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது, டிரைவர்களுக்கு நன்மைதான். ஆனால் ஜெயிலுக்குப் போகவேண்டியவரின் சார்பில் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் பேசினார். வேலை நேரம், தூக்கம், சம்பளம் ஆகியவை அந்தப் பேச்சின் பொருளாகவே ஆகவில்லை. அடுத்தவருக்காகப் பேசுவதில் உள்ள ஆபத்து இதுதான். பேசுபவருக்கு எது வசதியோ அது மட்டும் பேசப்படும். பர்மனென்ட் தொழிலாளியின் சங்கம் டிரைவருக்காகப் பேசினாலும் இதே ஆபத்து உண்டு.

எல்லாவற்றிலும் கடினமானது டிரைவரின் சொந்த விருப்பம். அவருக்குப் பணம் ட்ரிப்பில்தான் இருக்கிறது. மூன்றை இரண்டாக்கினால் பேட்டா குறையும். சொந்த வேனைக் கடனில் வாங்கிக் கம்பெனிக்கு ஓட்டுபவருக்கு மாதத் தவணை காத்திருக்கிறது. "தூங்கச் சொல்றீங்க, டியூ யார் கட்டுவா?" என்று அவர் கேட்டால் அதற்குத் தத்துவத்தில் பதில் கிடையாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. "மதியம் 1.45க்கு பஸ் கேட்டில் நிற்கவேண்டும்" என்று ஓர் ஒப்பந்தத்தில் எழுதினால், அது கம்பெனி தொழிலாளிக்குத் தரும் வாக்குறுதி மட்டுமல்ல. அங்கே இல்லாத ஒரு மூன்றாம் மனிதருக்கு இடப்படும் உத்தரவும்கூட. அதில் இரண்டு தரப்பின் கையெழுத்தும் இருக்கிறது. இங்கே பிரதிநிதி வெறும் பார்வையாளரோ தர்மம் செய்கிறவரோ அல்ல. டிரைவரின் நாளை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். முடிவில் பங்கெடுத்தவருக்கு அதன் விளைவிலும் பங்கு உண்டு.

சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் நின்றது எந்தக் கொள்கைக்காக? எங்களைக் கேட்காமல் எங்கள் உழைப்பின் நிபந்தனைகளை யாரும் முடிவு செய்யக்கூடாது என்பதற்காக. அது நியாயமான கொள்கை. அதனால்தான் ஊர் அவர்கள் பக்கம் நின்றது. அந்தக் கொள்கை தொழிற்சாலை கேட்டுக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும் என்றால் அது கொள்கையாக இருக்காது, ஒரு தரப்பின் சாமர்த்தியமாகச் சுருங்கிவிடும். கேட்டுக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திக் காத்திருப்பவருக்கும் அது சேரவேண்டும்.

இந்தக் கடமைக்கு வேறொரு காரணத்தைச் சொல்வது வழக்கம். டிரைவர் கண்ணசந்தால் பஸ்ஸில் இருக்கும் நாம் சாவோம் என்பார்கள். உண்மைதான், சங்கக் கூட்டத்தில் கை தூக்க வைக்கவும் இது போதும். ஆனால் அறத்துக்கு இது போதாது. இதே பட்டையில் இருந்து கார்களை அடுக்கிக்கொண்டு எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் டிரைவரின் வண்டியில் சங்க உறுப்பினர் யாரும் உட்காருவதில்லை. நம் உயிர் பயம்தான் அடிப்படை என்றால் அவரை மறந்துவிடலாம். அவர் ஏற்றிச்செல்லும் கார் சங்க உறுப்பினர்களின் கையில் உருவானது. எத்தனை கார் எத்தனை மணிக்கு லைனை விட்டு இறங்கும் என்பதைப் பொறுத்தே அவர் இரவு அமைகிறது. அவரையும் சேர்த்துப் பார்க்கிற காரணம்தான் சரியான காரணம்.

உறுப்பினரல்லாதவருக்குச் சங்கம் பேசலாமா என்ற தயக்கத்துக்கு, இந்த மண்ணின் தொழிற்சங்க வரலாறே ஒரு பதில். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் தலைவரான பி.பி. வாடியா மில் தொழிலாளி அல்ல. அந்தச் சங்கத்தைத் தொடங்க முனைந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் போய் அழைத்ததால் வந்தவர். வெளியாள் என்ற குற்றச்சாட்டு அன்று முதல் சுங்குவார்சத்திரம் வரை நிர்வாகங்களின் வாயில் மாறாமல் இருக்கிறது. வெளியாளின் துணையால் பிறந்து வளர்ந்த இயக்கம், "அவர் நம் ஆள் இல்லை" என்று டிரைவரைப் பார்த்துச் சொல்வது பொருந்தாது. வாடியா அழைத்த பிறகு வந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. கேட்பது முதலில், பேசுவது பிறகு.

ஆகவே பிரதிநிதி டிரைவரின் பிரதிநிதியாக ஆகவேண்டியதில்லை. கடமை அதைவிடச் சிறியது, ஆனால் தப்ப முடியாதது. பஸ் பற்றிய எந்த வரியையும் எழுதுமுன் டிரைவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். தினமும் "அண்ணே" என்று சொல்லி ஏறி இறங்குகிறவர்களுக்கு அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ட்ரிப் ஷீட்டைப் பார்க்கும் உரிமையைப் பேச்சுவார்த்தையில் கேட்டு வாங்கலாம். மூன்று ஷிப்டுக்கு ஒரு வண்டி என்றால் இரண்டு டிரைவர் என்ற நிபந்தனையை, முதன்மை முதலாளியான கம்பெனி தன் கான்ட்ராக்டில் எழுதவேண்டும் என்று கேட்கலாம். கேட்டுக்குப் பக்கத்தில் கட்டிலும் மின்விசிறியும் கழிவறையும் உள்ள ஓர் அறை கேட்கலாம். டியூ யார் கட்டுவா என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் தேடவேண்டும். ட்ரிப் குறையும்போது வருமானம் குறையாதபடி மாதச் சம்பளமாகவோ உயர்ந்த வாடகையாகவோ கேட்டால்தான் அந்தத் தூக்கம் டிரைவருக்குத் தண்டனையாகாது. 2021 மே மாதம் கொரோனாவின்போது ஒரகடம் ரெனோ நிசான் தொழிலாளர்கள், லைனில் போதிய இடைவெளி இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். உடலின் பாதுகாப்பைச் சம்பளத்தோடு சேர்த்துப் பேரம் பேசக்கூடாது என்ற நிலையைச் சங்கம் தனக்காக எடுக்க முடிந்தது. அடுத்தவருக்காகவும் எடுக்க முடியும்.

இதற்கு உறுப்பினர்கள் ஒரு விலை கொடுக்கவேண்டிவரும். இரண்டு வழித்தடங்களைச் சேர்த்தால் சிலர் கால் மணி நேரம் முன்னதாக எழவேண்டும்; வீட்டு வாசலில் நிற்கும் பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடலாம். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துத் திரும்பும் ஒரு பெண்ணுக்கு இரவு 11 மணிக்கு அந்தக் கூடுதல் நடை சிறிய விஷயமல்ல. இரவுப் பயணத்தில் பெண்களின் வாசல் நிறுத்தத்தை மட்டும் தொடாமல், பகலில் குறைத்துக்கொள்ளலாம். இப்படி ஒவ்வொரு வழித்தடமாக உட்கார்ந்து பார்க்கவேண்டிய வேலை இது.

பொதுக்குழு இதை வேண்டாம் என்று கை தூக்கிவிட்டால்? சம்பளம், போனஸ், லீவு எதுவானாலும் பிரதிநிதி பொதுக்குழுவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். அவை உறுப்பினர்களுடையவை, அவர்கள் விரும்பியபடி விட்டுக்கொடுக்கலாம், பிடித்தும் வைக்கலாம். டிரைவரின் தூக்கம் அவர்களுடையது அல்ல. தங்களுடையதல்லாத ஒன்றைப் பெரும்பான்மையால் விட்டுக்கொடுக்க முடியாது. அந்த நிலையில் பிரதிநிதி ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், இடவும் வேண்டும். பஸ் நேர அட்டவணையை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுத்து, டிரைவர்களைக் கேட்கும்வரை கையெழுத்தில்லாமல் நிறுத்திவைத்து, ஏன் நிறுத்தினேன் என்பதை அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று சொல்லவேண்டும். அடுத்த தேர்தலில் அதற்காக அவர் தோற்கவும் கூடும்.