வேட்டைப் படமும் வேட்டை நினைவும்

நெடுநாள் நண்பர்கள் கூடுமிடத்தில் பழங்கதை பேசப்படுவது இயற்கை. அதனைக் குற்றமென்று கூறுவார் எவருமிலர். தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், செம்பூரிலும் குடியிருக்கும் நம்மவருட் பலர் திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்தவர்கள். அல்லது அவ்வாறு வந்தோரின் மக்கள். ஆலையிலும் தோல் பதனிடும் கிடங்கிலும் ரயில்வேயிலும் உழைத்து ஓய்ந்த முதியோர் ஞாயிறு மாலையில் ஒருங்கே அமர்ந்தால் பேச்சுத் தானே ஊரை நோக்கி ஓடும். குளத்தங்கரையும் பனங்காடும் வரும். பொங்கல் கழிந்து புறப்பட்ட வேட்டை வரும். கன்னி நாயும் சிப்பிப்பாறை நாயும் ஓடிய ஓட்டம் வரும். அப்போது ஒருவர் தம் பெட்டியிலிருந்து பழுப்பேறிய புகைப்படம் ஒன்றை எடுத்து, "அண்ணாச்சி, இதில் நிற்பது யாரென்று தெரிகிறதா?" என்பார். கையில் தடியோடு நான்கு இளைஞர். காலடியில் வரிசையாக முயல்கள். இக்காலத்தில் அப்படம் கைப்பேசியிலும் ஏறி, ஊரில் உள்ள உறவினர்க்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. திரிசரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்றவர்க்கு இந்த மகிழ்ச்சி தகுமா? தடியும் வலையும் போய்விட்டன. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டையென்பது தண்டனைக்குரிய செயலாயிற்று. இனிக் கொல்லப் போவதில்லை. கொன்றதும் நெடுங்காலத்துக்கு முன். நினைத்துப் பார்ப்பதில் எந்த உயிருக்கு என்ன தீங்கு என்று சிலர் கேட்கின்றனர். வேறு சிலர், சீலம் ஏற்ற அன்றே அப்படங்களைத் தீயிலிட்டிருக்க வேண்டும் என்கின்றனர். இவ்விரு விடைகளும் எளிய விடைகள். ஆகையால் இரண்டையும் சற்று ஐயுற்று நோக்குவோம்.

சேதனையே, அதாவது உள்ளத்தின் நாட்டமே, கர்மம் என்பது பகவரின் கொள்கை. கை செய்ததை மட்டும் கணக்கிட்டு, உள்ளம் செய்வதை விட்டுவிடும் வழக்கம் நம் தம்மத்தில் இல்லை. அங்குத்தர நிகாயத்தில் கொலைக் குற்றம் நான்கு வகையாக விரித்துக் கூறப்பட்டுள்ளது: தானே கொல்லுதல், பிறரைக் கொல்லத் தூண்டுதல், கொலைக்கு உடன்படுதல், கொலையைப் புகழ்ந்து பேசுதல். நான்காவதற்குத் தடி வேண்டா, நாய் வேண்டா, காடும் வேண்டா. திண்ணையும் இரண்டு நண்பர்களும் போதும்.

ஆயினும் அம்முதியவர் எதனைப் புகழ்கின்றார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் கூறுவதைச் செவி கொடுத்துக் கேட்டால் அதிற் பெரும்பகுதி கொலையைப் பற்றியதன்று என்பது விளங்கும். பனி பெய்த விடியற்காலை, கிழிந்த போர்வையை மூவர் பங்கிட்டது, முள் தைத்த காலைத் தோழன் தூக்கிச் சுமந்தது, இப்போது உயிரோடில்லாத ஒருவனின் பாட்டு, ஒரு நாயின் பெயர்: இவையே அவர் கண்ணில் நீரை வருவிக்கின்றன. அந்த மகிழ்ச்சி இளமையினுடையது, தோழமையினுடையது. கொலை அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வாய்ச்சொல்லில் இவ்விரண்டையும் பிரிக்க முடியும்.

புகைப்படத்திலோ அது அவ்வளவு எளிதன்று. படக்கருவி அந்த விடியலைப் பிடிக்கவில்லை, ஓட்டத்தைப் பிடிக்கவில்லை, பாட்டையும் பிடிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, செத்த உடலையும் நிற்கும் மனிதனையும் மட்டுமே அது பிடித்தது. பெருவேட்டைப் படங்களில் இன்னும் ஒரு படி மேலே சென்று, விலங்கின் தலை சரியாதபடி கீழே முட்டுக் கொடுத்து, உயிருள்ளதுபோல் நிமிர்த்தி வைப்பர். புலியின் நீளத்தை அளப்பதிலும் வழக்குண்டு. மூக்கருகே ஒரு முளையும் வால்நுனியில் ஒரு முளையும் அடித்து நேர்கோட்டில் அளப்பவர் ஒரு சாரார்; முதுகின் வளைவைத் தழுவி நாடாவை ஓட்டுபவர் மற்றொரு சாரார். பின்னதில் சில அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். மாண்ட உயிரின் முதுகிலிருந்து தன் பெருமைக்கு இரண்டு மூன்று அங்குலம் திருடும் மனத்தை என்னென்பது!

இதனை விளக்க நம் மும்பை நகரத்தோடு தொடர்புடைய ஒரு படத்தைக் குறிப்பிடலாம். 1947-ஆம் ஆண்டு, இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில் அடங்கிய கோரியா சமஸ்தானத்தின் மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ், இரவில் வண்டியிற் செல்லும்போது விளக்கொளியில் அகப்பட்ட மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டு வீழ்த்தினார். மூன்றும் ஆண், ஒரே ஈற்றைச் சேர்ந்தவை என்று கருதப்பட்டன. இந்நாட்டில் சுடப்பட்டதாகச் சான்றுள்ள கடைசிச் சிவிங்கிகள் இவையே என்பர். மன்னர் துப்பாக்கியோடு நிற்க, மூன்று உடல்களும் முன்னே கிடக்க, ஒரு படம் எடுக்கப்பட்டது. மன்னரின் அந்தரங்கச் செயலர் அப்படத்தையும் செய்தியையும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழுக்கு அனுப்பி வைத்தார். 1883-இல் தோன்றிய அச்சங்கத்தின் இதழில் எழுதியோருள் துப்பாக்கி பிடித்தவர் பலர். ஆதலால், நண்பர்க்கு நண்பர் அனுப்பும் மகிழ்ச்சியோடுதான் அது அனுப்பப்பட்டிருக்க வேண்டும். பதிப்பாசிரியர்களோ அதனைக் கண்டு அருவருப்புற்றனர். முதலில் குப்பைக் கூடையில் எறியவே எண்ணியதாகவும், செயலைப் பாராட்டுவதற்காக அன்றிக் குற்றஞ்சாட்டுவதற்காகவே வெளியிடுவதாகவும் குறிப்பெழுதி, 1948-இல் அச்சிட்டனர். சிவிங்கி இந்நாட்டில் அற்றுப்போனதென 1952-இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளைக் கொணர்ந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விட்டனர்.

படம் ஒன்றே. அனுப்பியவர் கையில் அது புகழ்ச்சி; அச்சிட்டவர் கையில் அது குற்றப் பத்திரிகை. அக்குறிப்பெழுதியவர்கள் அதனை எரித்திருந்தால் கோரியாவில் நிகழ்ந்தது இன்று நமக்குத் தெரிந்திராது. ஆகவே எரிக்கச் சொல்லும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

அச்சங்கத்தோடு வாழ்நாள் முழுதும் பிணைந்திருந்த சாலிம் அலியின் கதையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் மஞ்சள் கழுத்துச் சிட்டு ஒன்றைச் சுட்டு, அது இன்ன பறவையென்று அறியச் சங்கச் செயலர் மில்லார்டிடம் கொண்டுசென்றார். பறவை ஆராய்ச்சிக்கு அதுவே வாயிலாயிற்று. 1985-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அச்சிட்டின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். ஆராய்ச்சிக்காகப் பின்னரும் அவர் பறவைகளைச் சுட்டதுண்டு. அவரைச் சீலவானாக நிறுத்த நான் முயலவில்லை. ஆயினும் தம் குறிபார்க்கும் திறனை அவர் நூலின் தலைப்பில் ஏற்றவில்லை. விழுந்த சிட்டினை ஏற்றினார்.

வேட்டைப் படங்களில் நம்மவர்க்கே உரிய மற்றொரு சிக்கல் உண்டு. வேட்டையாடிய பெருமக்களின் படங்களை உற்றுப் பாருங்கள். நடுவில் துரை, அல்லது ஜமீன்தார், அல்லது மன்னர். ஓரத்தில், பாதி நிழலில், அரையாடையோடு சிலர் நிற்பர். தாரை தப்பட்டை முழக்கிக் காட்டைக் கலைத்தவர் அவர். சுமை சுமந்தவர் அவர். வெறுங்கையோடு புலியின் எதிரே நடந்தவரும் அவரே. பலவிடங்களில் அது கூலியில்லா வெட்டி வேலை. புலியின் நீளம் படத்தின் அடியில் அங்குலக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அம்மனிதர்களின் பெயர் எழுதப்பட்டிராது. செம்பூர் அன்பர் ஒருவர் என்னிடம் காட்டிய படமும் இத்தகையதே. துரை ஒருவர் காட்டெருமையின் மேல் காலூன்றி நிற்கிறார்; பின்னால் இரண்டாம் துப்பாக்கியை ஏந்தி நிற்பவர் அவ்வன்பரின் பாட்டனார். பாட்டனாரின் உருவம் வேறெங்கும் இல்லை. "இதனை நான் வைத்திருப்பது சீலத்துக்கு மாறாகுமா?" என்று அவர் கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

மாறாகாது என்றேன். பாட்டனாரைக் காண விரும்பும் கண் காட்டெருமையின் சாவை விரும்பும் கண் அன்று. ஆனால் துரையின் வீரத்தில் தமக்கும் ஒரு பங்குண்டு என்று பேரப்பிள்ளைகளிடம் அதனைக் காட்டத் தொடங்கினால் அப்போது நிலைமை வேறு. நம்மை ஓரத்தில் நிறுத்தியவரின் பெருமையை நாமே கடன் வாங்கி அணிந்துகொள்வதாக அது முடியும்.

பசிக்கு முயல் பிடித்த ஏழையையும் பெருமைக்குப் புலி சுட்ட மன்னரையும் ஒரே தட்டில் வைத்தல் முறையா என்று சிலர் கேட்கலாம். முறையன்று. பாபாசாகேப் அம்பேத்கர், 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், கொல்ல வேண்டிய தேவை வேறு, கொல்ல வேண்டும் என்னும் விருப்பம் வேறு என்று பகுத்துக் காட்டினார். மணிமேகலையில் வரும் சாதுவனும் இதனை அறிந்தவனே. நாகர் தலைவனுக்கு அறம் உரைக்கும்போது, அவர்கள் வாழ்முறையைக் கருதி, மூத்துத் தாமே இறந்த விலங்கின் ஊனை விலக்காமல், பிற உயிர்களைக் கொல்வதை மட்டுமே விலக்கினான். ஆனால் இந்தப் பகுப்பு நமக்குச் சாதகமாக மட்டும் அமையும் என்று எண்ணற்க. இருபது வயதில் பசி இருந்தது, அது தேவை. எழுபது வயதில், வயிறு நிறைந்தபின், அந்த முயலை மீண்டும் மீண்டும் அடித்து வீழ்த்திச் சிரிக்கும்போது அங்கே பசி எங்கிருக்கிறது?

சங்யுத்த நிகாயத்தில், நிகண்டரின் மாணாக்கனாகிய அசிபந்தகபுத்தன் என்னும் ஊர்த்தலைவனோடு பகவர் நிகழ்த்திய உரையாடல் ஒன்றுண்டு. ஒருவன் எதில் மிகுதியாக நிலைத்திருக்கிறானோ அதுவே அவனை இழுத்துச் செல்லும் என்று அத்தலைவன் கூற, கொலை செய்பவன் பகலிலும் இரவிலும் கொல்லும் நேரம் மிகுதியா, கொல்லாத நேரம் மிகுதியா என்று பகவர் வினவுகிறார். கொல்லாத நேரமே மிகுதி என்று அவன் ஒப்புக்கொள்ள, அவன் கொள்கை சரிகிறது. அவ்வினாவை நான் வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறேன். தடி முயலின் மேல் விழுந்தது ஒரு நொடி. அதனைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது ஐம்பது ஆண்டு. உள்ளம் எதில் மிகுதியாக நிலைத்தது?

அதே உரையாடலில் மற்றொரு செய்தியும் உண்டு. தீயிலிடச் சொல்வோர் அதனை நோக்க வேண்டும். நல்லுரை கேட்டவன், தான் செய்த கொலை தகாததென்று உணர்கிறான். எனினும் அதற்காக வருந்தி மாய்வதால் செய்தது செய்யாததாகிவிடாது என்றும் உணர்கிறான். அவ்வாறு உணர்ந்து கொலையை விடுகிறான். பின்பு, வலிமை வாய்ந்த சங்கூதி நாற்றிசையும் கேட்க ஊதுவதுபோல் அன்பை எங்கும் பரப்புகிறான். ஓயாத மனவுளைச்சலைத் தம்மம் தடைகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது. படத்தைக் கிழித்தெறிபவர் பலரும் அந்த உளைச்சலைத்தான் கிழிக்க நினைக்கின்றனர். கிழித்தபின்னும் அது இருந்தவாறே இருக்கும்.

அப்படியாயின் பழைய வேட்டையை எவ்வாறு சொல்வது? இதற்கு மாதிரி நம் அருகிலேயே இருக்கிறது. மேற்கு ரயிலில் விரார் நோக்கிச் செல்பவர் வசை ரோடு கடந்ததும் நாலாசோப்பாரா நிலையத்தைக் காண்பர். பழைய சோபாரா அதுதான். அங்கே 1882-இல் பகவான்லால் இந்திரஜி கண்டெடுத்த கல்துண்டு அசோக மன்னரின் எட்டாம் பெரும்பாறைக் கல்வெட்டைச் சேர்ந்தது. 1956-இல், பாபாசாகேப் நாகபுரியில் தீட்சை பெற்ற அதே ஆண்டில், ஒன்பதாம் கல்வெட்டின் துண்டொன்றும் கிடைத்தது. எட்டாம் கல்வெட்டின் பொருள் வேட்டையே! முன்னாளில் மன்னர்கள் இன்பப் பயணம் சென்றனர், அவற்றில் வேட்டையும் அதுபோன்ற களியாட்டங்களும் இருந்தன என்று கூறிவிட்டு, முடிசூடிப் பத்தாண்டு கழிந்தபின் தாம் சம்போதிக்குச் சென்றதையும், அன்றுமுதல் தம்ம யாத்திரை தொடங்கியதையும் அரசர் கூறுகிறார். பழைய வழக்கத்தை அவர் மறைக்கவில்லை, அலறவும் இல்லை. முதற் கல்வெட்டிலோ தம் அடுக்களையையே கணக்கெடுக்கிறார். நாள்தோறும் பல்லாயிரம் உயிர் மாண்ட இடத்தில் இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும் மட்டும், அம்மானும் எந்நாளும் இல்லை, இனி அவையும் கொல்லப்படா என்கிறார். எண்ணிக்கை உண்டு, மானின் கொம்பு எத்தனை முழம் என்பது இல்லை.

சொல்பவரின் கடமை இவ்வளவென்றால் கேட்பவரின் கடமை அதனினும் நுட்பமானது. சிகாலோவாத சூத்திரத்தில் நட்புப்போலத் தோன்றும் பகைவருள் ஒருவனாக முகத்துதி செய்பவன் கூறப்படுகிறான். தீயதற்கும் ஆமென்பான், நல்லதற்கும் ஆமென்பான். ஐம்பதாண்டு நண்பர் படத்தை நீட்டும்போது, "அடடா, உங்கள் குறி தப்பியதுண்டா!" என்று சொல்வது எளிது, அவர் முகம் மலரும். சீலத்தை எடுத்தோதி அவர் வாயை அடைப்பதும் எளிதே; நண்பர் அடுத்த ஞாயிறு வரமாட்டார். தனிமையில் வாழும் முதியவரின் ஒரே கூட்டத்தைப் பறிப்பது கருணையாகாது.

இரண்டுக்கும் நடுவில் கேட்பதற்குக் கேள்விகள் உள்ளன. படத்தில் இடப்பக்கம் நிற்பவர் யார், அவர் பெயரைப் பின்புறம் எழுதி வைத்தீர்களா என்று கேட்கலாம். அந்த நாய் எத்தனை ஆண்டு இருந்தது என்று கேட்கலாம். பிடிபட்டபோது முயல் எப்படிக் கத்தியது என்றும் கேட்கலாம். பிடிபட்ட முயல் கைக்குழந்தைபோல் வீரிட்டழும் என்பது வேட்டைக்குச் சென்றவர் அனைவரும் அறிந்த செய்தி. நான் கேட்ட வேட்டைக் கதைகளுள் ஒன்றிலேனும் அவ்வொலி இடம்பெற்றதில்லை.