ஏரிக்காக யார் கையெழுத்துப் போடுவது?

பிள்ளைப்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய எந்த நிலத்துக்குப் பத்திரம் எழுதினாலும் செக்குபந்தியில் ஏரி வந்துவிடும். ஏரிக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாட்டைக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு என்று நாலெல்லை சொல்லாமல் கிரயம் நிற்காது. ஸ்ரீபெரும்புதூரில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். அப்பாவுக்கும் இதே தொழில். எல்லையாக ஏரி வந்த பத்திரங்கள் எத்தனையோ எழுதியாயிற்று. எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் என்ற இரண்டு இடத்திலும் அது வந்து பார்த்ததில்லை.

பெருமாள் வருவார். பட்டாவிலேயே சுவாமி பெயர் இருக்கும். கோயில் நிலத்தைத் தெரியாமலோ தெரிந்தேயோ யாராவது விற்க வந்தால், பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைக் காட்டிச் சார்பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார். சுவாமி சார்பில் பேச அறங்காவலர் உண்டு, இல்லாவிட்டால் தக்கார் உண்டு. வாய் திறக்காத ஒருவருக்காக வேறொருவர் வழக்காடலாம் என்பதை நம் சட்டம் ரொம்ப காலமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. கல்கத்தா மல்லிக் குடும்பத்தில் குலதெய்வ விக்கிரகத்தை வீடு மாற்றி வைப்பதில் சண்டை வந்து, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1925-இல் வந்த தீர்ப்பு, விக்கிரகத்துக்கும் ஒரு விருப்பம் உண்டு, அதைக் கேட்காமல் இடம் மாற்றக்கூடாது என்றது. அந்த விருப்பத்தைச் சொல்ல, இந்தச் சண்டையில் ஆதாயம் எதுவும் இல்லாத ஒருவரை நியமிக்கச் சொன்னது. குடும்பத்து ஆட்கள் எல்லாரும் பக்திமான்கள்தான். ஆனாலும் அவர்கள் போதாது என்று கோர்ட்டுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

பத்தூர் நடராஜர் கதை இன்னும் விசேஷம். இடிந்து மண் மூடிக் கிடந்த கோயில். அங்கே பூமியிலிருந்து எடுத்த சிலை, கைமாறிக் கைமாறி லண்டனில் ஒரு கனடா கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. 1991-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பாழடைந்த கோயிலே சட்டத்தின் கண்ணில் ஒரு நபர், அது வழக்காடலாம் என்று ஏற்றுக்கொண்டது. நடராஜர் ஊர் திரும்பினார். பூஜை நின்று போன கோயிலுக்கே சீமையில் வாய் கிடைத்தது. தண்ணீர் நிற்கிற ஏரிக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் வந்திருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 ஆக விரித்தார்கள். மூன்றாவது முழுமைத் திட்டம் என்ற பேச்சு எங்கள் டீக்கடைவரை வந்துவிட்டது. எந்த சர்வே எண்ணுக்கு மஞ்சள், எதற்கு ஊதா, எதற்குப் பச்சை என்பதுதான் பேச்சு. மஞ்சள் குடியிருப்பு, ஊதா தொழிற்சாலை, பச்சை விவசாயம். மஞ்சள் விழுந்தால் மனை போடலாம், ஊதா விழுந்தால் கம்பெனிக்குக் கொடுக்கலாம், பச்சை விழுந்தவன் தலையில் கை வைத்துக்கொள்வான். "என் பாட்டன் பூமி, அதுக்குப் பச்சை அடிக்க இவங்க யாருங்க?" என்று என் மேஜையைத் தட்டிக் கேட்டவர் உண்டு. "வரத்துக் கால்வாயில மனை போட்டுட்டு அப்புறம் மழையைத் திட்டாதீங்க" என்று அவருக்கு அங்கேயே பதில் சொன்னவரும் உண்டு. 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவை வெளியிட்டு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஆட்சேபணை கேட்க வேண்டும். மனு யார் வேண்டுமானாலும் போடலாம். நடைமுறையில் போடுகிறவர்கள் சர்வே எண் வைத்திருப்பவர்கள்தான்.

அவர்கள் பேச்சுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம்? இங்கேதான் எனக்கு எங்கள் ஊர்க்காரர் வந்து நிற்கிறார். உடையவர், ராமானுஜர், 1017-இல் இந்த ஊரில் பிறந்தவர் என்பது சம்பிரதாயம். சித்தும் அசித்தும், அதாவது உயிர் உள்ளதும் இல்லாததும், எல்லாம் பெருமாளுக்குச் சரீரம் என்றார். சரீரம் என்றால் என்ன என்பதற்கு அவர் ஸ்ரீபாஷ்யத்தில் கொடுக்கும் இலக்கணம் வக்கீல் எழுதியதுபோல் கறாரானது: ஓர் ஆத்மா எதைத் தன் காரியத்துக்காகத் தாங்கி நடத்துகிறதோ, எது அந்த ஆத்மாவுக்காகவே இருக்கிறதோ, அது அதற்குச் சரீரம். இதன்படி பிள்ளைப்பாக்கம் ஏரி பெருமாளுக்குச் சரீரம். கலங்கலில் கிடக்கும் கல்லும் அப்படியே. பத்திரம் எழுதும் நானும் அப்படியே. தன்னைத் தன்னுடையது என்று நினைப்பதையே ஆத்மாவைத் திருடுவதாக நம் ஆசாரியர்கள் சொல்லியிருக்க, அப்படி நினைக்கிறவர்களுக்காக நான் தினமும் 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று டைப் அடித்துக் கொடுக்கிறேன். தொழில் அது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் போய்க் கொடி பிடிக்க முடியாது. எல்லாமே பெருமாள் சரீரம் என்றால் கம்பெனி ஷெட்டும் சரீரம்தானே, ஒரு சரீரத்தை எடுத்து இன்னொரு சரீரம் கட்டினால் என்ன போச்சு என்று புரோக்கர் கேட்பான். கேட்டிருக்கிறான். அவனுக்கு வேதாந்தம் தெரியாது என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் உடையவரின் இலக்கணத்திலேயே இருக்கிறது. எதையும் தொடாதே என்று அது சொல்லவில்லை. இது யாருக்காக இருக்கிறது என்று கேட்கச் சொல்கிறது. இந்த ஏரி பக்கத்து நஞ்சைக்கு மட்டும் இருந்ததில்லை. நிரம்பினால் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகும், அங்கிருந்து அடையாற்றுக்கு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி. சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கரையோரம் இருந்தவர்களுக்கு மேல்மடையில் எந்த ஏரி எந்த நிலையில் இருந்தது என்று என்ன தெரியும்? எங்கள் ஊர் வரைபடத்தில் நிறம் மாற்றினால் அதற்கான அறிவிப்பு ஜாபர்கான்பேட்டையில் ஒட்டப்படாது.

2022 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இயற்கை அன்னையை உயிருள்ள சட்ட நபர் என்று அறிவித்தது. நீதிபதி ஸ்ரீமதி கொடுத்த தீர்ப்பு. மேகமலையில் வனப் புறம்போக்குக்குப் பட்டா கொடுத்த ஒரு வருவாய்த் துறை அதிகாரியின் தண்டனை விவகாரத்தில் பிறந்தது அது என்பதில் என் தொழில்காரர்களுக்கு ஒரு சிரிப்பு உண்டு. அதற்கு ஐந்து வருஷம் முன்பே உத்தராகண்டில் கங்கையையும் யமுனையையும் நபர்கள் என்றார்கள். உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. நியூசிலாந்தில் வாங்கனுயி ஆற்றுக்குச் சட்டமே போட்டு, அதற்காகப் பேச இரண்டு பேரை, ஒருவரை அரசும் ஒருவரை அங்கத்துப் பழங்குடிகளும், நியமிக்க ஏற்பாடு செய்தார்கள். அதில் காரியம் இருக்கிறது. வெறுமனே தாய் என்று அறிவிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிறவனுக்குத் தெரியும், தாய் என்று சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் பங்கு கேட்டு வந்துவிடுவார்கள்.

அரசே எல்லாருக்கும் பொதுவான தர்மகர்த்தா என்றுதான் பொதுவில் சொல்வது. ஏரிகளைப் பாதுகாக்க, ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் ஒரு சட்டம் போட்டது இதே தமிழ்நாடு அரசு. 2023 ஏப்ரல் 21-இல் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை விவாதம் இல்லாமல் நிறைவேற்றியதும் இதே அரசுதான். நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால், உள்ளே இருக்கும் நீர்நிலையோடு சேர்த்து அந்த நிலத்தை ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. தர்மகர்த்தாவே வாங்குகிறவராகவும் வந்து உட்கார்ந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில்கூட அந்தப் பத்திரத்தை இரண்டு தரம் படிப்பார்கள்.

ஆகவே ஆதாயம் இல்லாதவர் பேசட்டும், சர்வே எண் வைத்திருப்பவர் கடைசியில் பேசட்டும் என்பது என் கட்சி. இதற்கு நேரே குறுக்கே நிற்பது பரந்தூர். விமான நிலையத்துக்காக 2022-இல் பதின்மூன்று கிராமம் என்று அறிவித்ததிலிருந்து, அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்தில் கிராம சபை கூடும்போதெல்லாம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போராடினார்கள். அவர்களில் நிலம் உள்ளவர்கள் நிறையப் பேர். ஆனால் ஏரிக்கும் சேர்த்துத்தான் பேசினார்கள். சொந்தக்காரன் பேச்சு எல்லாமே பேராசை என்று நான் எழுதினால் ஏகனாபுரத்து ஆள் என் சட்டையைப் பிடிப்பார், நியாயம்தான். என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: தனக்கு வருகிற விலைக்கு எதிராகப் பேசுகிறவன் யாராயிருந்தாலும் அவன் சாட்சியை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய கிராமத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, சிப்காட் தொழிற்பேட்டை வந்துதான் கெட்டது என்று கண்ணீர் விடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நஞ்சை, புஞ்சை, நத்தம், மேய்க்கால், களத்துமேடு என்று மண்ணுக்கு வகை பிரித்த அதே கிராமம்தான் ஊர் வேறு, சேரி வேறு என்று மனுஷனுக்கும் வகை பிரித்தது. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் சேரி மக்களின் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பின்னால்தான் 1892-இல் அவர்களுக்கென்று பஞ்சமி நிலம் வந்தது. வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை என்ன ஆயிற்று என்று கேட்டுத்தான் 1994-இல் காரணையில் போராட்டம் நடந்தது, செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். வரைபடத்தில் நிறம் பூசினால் நிலம் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளலாம்.

வாய் இல்லாதவர் பட்டியலில் வாய் உள்ளவர்களும் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பில் 18,720 படுக்கைகள். எங்கள் தாலுகாவின் பல கிராமங்களில் அவ்வளவு ஆள் கிடையாது. அது போக பிள்ளைப்பாக்கத்திலும் வெங்காட்டிலும் தகர ஷீட் போட்ட அறைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பையன்கள். குடியிருப்பு எங்கே, கடை எங்கே, பஸ் நிற்க இடம் எங்கே என்று முடிவாவது அதிகமும் அவர்கள் வாழ்க்கைதான். அறிவிப்போ தமிழில், கெஜட்டில். கூட்டங்களில் அவர்கள் பெயர் வருவது 'வெளியூர்க்காரங்க வந்து ரொம்பிட்டாங்க' என்ற புகாரில் மட்டும். திருக்கோட்டியூரில் கோபுரம் ஏறி ரகசியத்தை ஊருக்கே சொன்னவர் என்று உடையவரை மேடைக்கு மேடை புகழ்கிறோம். வரைவு வரைபடம் எந்த லே-அவுட்காரர் கைக்கு முதலில் போகிறது என்று மட்டும் கேட்பதில்லை.

இதையெல்லாம் கோயில் கோஷ்டியில் சேவிக்கும் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். பெருமாளைச் சட்டம் என்றைக்கும் மைனராகவே வைத்திருக்கிறது, கார்டியன் போடுகிறது, ஏரிக்கும் அப்படிப் போட்டால் என்ன என்றேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"சுவாமி, பெருமாள் மைனரா? அடியோங்கள்ன்னா மைனர், அவர்னா கார்டியன். தலைகீழா எழுதிண்டிருக்கேள்."

"சரி சுவாமி, ஆனா ஆர்.டி.ஓ. கேட்டா கையெழுத்து யார் போடறது?"

"அவன் சொத்துன்னு ஒத்துண்டவா போடட்டும்."

அவர் சொன்னதை என்னால் மனுவில் எழுத முடியாது, தள்ளவும் முடியவில்லை. கையெழுத்துப் போட இன்னும் ஆள் அகப்படவில்லை. நிலம் இல்லாத ஒருவரும், விற்கப் போவதில்லை என்று எழுதித் தரத் தயாராக இருக்கும் நிலக்காரர் ஒருவரும் வேண்டும். மனு தயார். இரண்டே கோரிக்கை. ஏரிக்கு வரும் கால்வாய்கள் ஒவ்வொன்றையும் ஏரிப் புறம்போக்கோடு சேர்த்து, சர்வே எண் உட்பிரிவு வாரியாக வரைபடத்திலேயே காட்ட வேண்டும், அடிக்குறிப்பில் அல்ல. ஆட்சேபணை அறிவிப்பை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து, ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடங்களிலும் கீழ்மடையில் அடையாற்றங்கரை வார்டுகளிலும் ஒட்ட வேண்டும். மனுவில் 'தங்களுக்கு உள்ள பாத்தியம்' என்ற இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.