பரதேசியின் சாமிக்கு ஊர் எது?

புது ஊரில் வீடு கட்டிக் குடியேறுகிறவர் தம் சாமியை எங்கே வைப்பார் என்பது சமயச் சிந்தனையில் பழைய கேள்வி. தமிழ்நாட்டு மரபு இதற்குச் சொல்லும் விடை பெரும்பாலும் மண்ணோடு ஒட்டியது. கடவுள் எங்கும் நிறைந்தவர் என்றாலும் அவருக்குத் தலம் உண்டு, தலமரம் உண்டு, தீர்த்தம் உண்டு. மாடம்பாக்கத்தில் தேனுபுரீஸ்வரர், திருநீர்மலையில் ரங்கநாதர் என்று அந்தந்த ஊர்க்காரராகவே அவர் இருக்கிறார். பிழைப்புத் தேடிப் போகிறவர்கள் பிடிமண் எடுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் குலதெய்வத்துக்குக் கோயில் எழுப்புவதும் அதனால்தான்.

கிறிஸ்தவம் இதே கேள்வியை எதிர்முனையிலிருந்து தொடங்குகிறது. ஆபிரகாம் பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்டுக் கூடாரத்தில் வாழ்ந்தவர். விசுவாசிகள் இந்த உலகத்தில் பரதேசிகள் என்பது புதிய ஏற்பாட்டின் கருத்து. அந்தப் பரதேசி ஓரிடத்தில் கிணறு வெட்டி, மரம் நட்டு, குடும்பத்தோடு நிலைத்துவிட்டால் அவருடைய மதமும் அந்த மண்ணுக்கு உரியதாகிவிடுமா? உலக அளவில் இது விவாதிக்கப்பட்ட ஓர் இடம், சென்னைக்குத் தெற்கே உள்ள தாம்பரம்.

இந்தப் பக்கத்துக்கு வேற்று நாட்டார் வந்தது ஐரோப்பியரோடு தொடங்கியதல்ல. 1547இல் பரங்கிமலையில் போர்த்துகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றிப் பஹ்லவி எழுத்து ஓடுகிறது. அது பழைய பாரசீகத்தின் எழுத்து. இயேசுவின் சீடரான தோமா இங்கே வந்து உயிர்துறந்தார் என்பது மரபு வழிச் செய்தி. பாரசீகத் திருச்சபையோடு உறவுள்ளவர்கள் இங்கே வழிபட்டார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

தாம்பரத்தின் கதை இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்து மிஷனரிகள் சென்னையில் நடத்திவந்த பள்ளியிலிருந்து வளர்ந்தது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, ஜார்ஜ் டவுன் சந்தடிக்குள் நெடுங்காலம் இருந்தது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தாம்பரம் அதன்பின் எட்டாத தூரம் இல்லை. 1937இல் தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டில் ஏறத்தாழ 365 ஏக்கர் நிலத்துக்குக் கல்லூரி குடிபெயர்ந்தது. களா, சூரை, காசா, அழிஞ்சில் என்று முள்ளும் புதருமாக நின்ற காடு அது. ஊருக்கு வெளியே, காட்டுக்கு நடுவே, பேராசிரியர் வீடுகளும் விடுதிகளுமாக ஏறக்குறைய ஒரு தீவுபோல அந்தக் குடியிருப்பு உருவாயிற்று.

இத்தகைய நிலத்தில் வீடு கட்டும் வெளிநாட்டார் முதலில் படிக்கும் பாடம் இறையியல் அல்ல, மேற்கு வெயில். சுவரில் நேரடியாக வெயில் விழாதபடி அகலமான தாழ்வாரம் வேண்டும். கோடையில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட வேண்டும். மரச்சாமானைக் கறையானிடமிருந்து காக்க வேண்டும். கன்று நடுவதென்றால் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசிக்குள் குழி வெட்டியாக வேண்டும். தப்பினால் அடுத்த சித்திரையில் ஒவ்வொரு கன்றுக்கும் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க நேரிடும். இவை எல்லாவற்றையும் சொல்லித்தர உள்ளூர்த் தோட்டக்காரர் தேவை. மதம் பரப்ப வந்தவர் அந்த விஷயத்தில் மாணவர்தான். வளாகத்தின் மரச்செல்வத்தை உருவாக்கியவர்கள் என்று கல்லூரி நினைவுகூர்வது வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸையும் அவர் மனைவி ஆலிஸையும். பார்ன்ஸ் தென்னிந்தியத் தாவரங்களிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். ஒரு காட்டுச் செடியினத்தின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. மண்ணை இப்படி அறிந்துகொள்வதும் ஒருவகை வழிபாடு என்று சொல்ல இடமுண்டு. ஆனாலும் மிஷனரி வாழ்க்கையின் ஏற்பாடு வேறு மாதிரி. பிள்ளைகளின் படிப்பு தாய்நாட்டில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட விடுப்பு அங்கே, ஓய்வுக்காலமும் பெரும்பாலும் அங்கேயே. நட்ட மரத்தின் நிழலில் உட்காரப்போவது வேறு யாரோ.

உடம்பு குடியேறிய அளவுக்குச் சிந்தனை குடியேறியதா என்று பார்க்க ஏ. ஜி. ஹாக் நல்ல உதாரணம். 1903இல் கல்லூரிக்கு வந்த இந்த ஸ்காட்லாந்துக்காரர் 1928 முதல் 1938 வரை முதல்வராக இருந்தார். எஸ். ராதாகிருஷ்ணன் அவருடைய மாணவர். இந்து சமயத்தின்மீது மிஷனரி ஆசிரியர்கள் வைத்த விமர்சனமே தம்மை வேதாந்தத்தை ஆழ்ந்து படிக்கத் தூண்டியது என்று ராதாகிருஷ்ணன் பின்னாளில் எழுதினார். ஹாக் கர்மக் கொள்கையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. கர்மத்தையும் மீட்பையும் பற்றி 1909இல் வெளிவந்த அவர் நூல், வினைக்கேற்ற பயன் என்ற எண்ணத்தின் அறவலிமையை ஒப்புக்கொண்டு, அதன் எதிரே கிறிஸ்தவ மீட்பை நிறுத்தி விவாதித்தது. மதங்கள் வேறு, மதத்துக்குள் வாழும் மனிதரின் நம்பிக்கை வேறு என்று அவர் பிரித்தார். இந்து பக்தர் தேடிக்கொண்டே இருப்பவர் மட்டும் அல்லர், கடவுளைக் கண்டடைந்தவராகவும் இருக்கலாம் என்பது அவர் நிலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவரிடமிருந்து வந்த கருத்து என்பதால் அதற்குத் தனி எடை இருந்தது.

அந்த எடை சோதிக்கப்பட்டது 1938 டிசம்பரில். அனைத்துலக மிஷனரிப் பேரவையின் மாநாடு சீனாவில் நடப்பதாக இருந்து, ஜப்பானியப் படையெடுப்பால் தாம்பரத்துக்கு மாறியது. புதிதாகக் கட்டி முடித்த விடுதிகளில் ஏறத்தாழ 470 பிரதிநிதிகள் தங்கினார்கள். அவர்கள் முன் வைக்கப்பட்டது ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய பெரிய நூல். கிறிஸ்துவில் கடவுள் தம்மை வெளிப்படுத்தியதற்கும் மனிதர் உண்டாக்கிய மதங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்பது அதன் மையம். ஹாக் இதை மறுத்தார்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். ஹாக் இங்கேயே வாழ்ந்து பழகியதால் கனிந்தார், கிரேமர் தூரத்திலிருந்து பேசியதால் கடுமை காட்டினார் என்று சொல்லிவிட்டால் வசதியாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. கிரேமரும் 1922 முதல் ஜாவாத் தீவில் தங்கிப் பணியாற்றியவர், அங்குள்ள மொழிகளையும் இஸ்லாமையும் ஞானமரபுகளையும் நன்கு கற்றவர். பக்கத்து வீட்டில் குடியிருப்பது ஒருவரை ஒரே முடிவுக்குத்தான் கொண்டுபோகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குடியிருப்பு வேறொன்றை மாற்றுகிறது: சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லி, அவர் பதிலையும் கேட்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழரும் தாம்பரம் மாநாட்டுக்கு வந்த இளம் பிரதிநிதிகளில் ஒருவருமான டி. டி. நைல்ஸ் சொன்ன ஒரு நிகழ்ச்சி இதற்குப் பொருந்தும். மற்ற மதங்கள் அவிசுவாசமே என்று வாதிட்ட இறையியலாளர் கார்ல் பார்த்திடம், எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டாராம். ஒருவரையும் இல்லை என்று பதில். பிறகு எப்படித் தெரியும் என்றதற்கு, அனுபவத்துக்கு முன்பே தெரிந்தது என்றாராம் பார்த். கிரேமரிடம் அந்தப் பதிலுக்கு இடமில்லை; அவர் பார்த்துவிட்டுத்தான் மறுத்தார்.

மாநாட்டை ஒட்டி அதே ஆண்டு சென்னையில் வெளிவந்த ஒரு தொகுப்பு நூல் கேள்வியையே புரட்டிப்போட்டது. பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் எழுதிய அந்த நூல் இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திக்கச் சொன்னது. செஞ்சையா புதுக்கோட்டையில் தலைமை நீதிபதியாக இருந்தவர். சக்கரை தொழிற்சங்கத் தலைவர், பின்னாளில் சென்னை மேயர். இருவரும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள், இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர்கள். குடியேறியவரின் மதம் இங்கே வேர்விடுமா என்பது அவர்களின் கவலை இல்லை. தங்கள் சொந்த வீட்டிலேயே தங்களை அயலாராக்கும் திருச்சபை அமைப்பு எதற்கு என்பதே அவர்கள் கேட்டது. வந்தவர் வீடு கட்டுவதைவிட, ஏற்கெனவே வீட்டில் இருப்பவர் விருந்தாளி ஆக்கப்படுவது கடினமான சிக்கல். இந்த விவாதம் முழுவதிலும் மிகக் கூர்மையான கேள்வி அதுதான்.

ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1988 ஜனவரியில் தாம்பரத்தில் மறுபடி ஒரு கூட்டம் நடந்தது. கிரேமரின் நிலைக்கு அதில் வலுவாகக் குரல் கொடுத்தவர் லெஸ்லி நியூபிகின். மதுரையிலும் சென்னையிலும் பேராயராக இருந்த ஆங்கிலேயர், தமிழில் பிரசங்கம் செய்தவர், காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்தில் இந்து அறிஞர்களோடு உபநிடதம் படித்தவர். எதிர்த் தரப்பில் உரையாடலுக்காக வாதிட்டவர் இலங்கைத் தமிழரான வெஸ்லி அரியராஜா. பல்லாண்டு தமிழ்நாட்டில் வாழ்ந்துவிட்டு இங்கிலாந்து திரும்பியிருந்த ஒருவரும், இந்துக்களுக்கு நடுவே தீவில் பிறந்து வளர்ந்த ஒருவரும் ஒரே கல்லூரி வளாகத்தில் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் மற்றவரை ஏற்கவைக்கவில்லை. இருவர் வாதங்களும் அச்சேறி இன்றும் இறையியல் கல்லூரிகளில் படிக்கப்படுகின்றன.